ஊஞ்சலில் யார் முறை? பிள்ளைகளோடு பூங்காவுக்கு வருபவர்களின் நடத்தை பற்றி

#1 | நீலக்குடை

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். சிறுவர் பூங்காவில் இரண்டே ஊஞ்சல். ஒன்றில் ஒரு தகப்பனார் தன் மகளை உட்காரவைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தாறு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், என் மகனும் அதில் ஒருவன். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் குழந்தையே அலுத்துப்போய்ச் சங்கிலியில் தலையைச் சாய்த்துவிட்டது. அப்பாதான் விடுவதாக இல்லை. ஒரு கையில் செல்பேசி, மறு கையால் ஊஞ்சலைத் தள்ளுகிறார். “சார், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்” என்றேன். “பொது இடம்தானே, முதலில் வந்தவர்களுக்குத்தான்” என்று பதில் வந்தது.

பொது இடம் என்பதால்தான் நானும் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்: ஊஞ்சலில் ஒரு முறை என்றால் எவ்வளவு நேரம்? அடுத்தவர் பிள்ளையோ அடுத்தவரோ அத்துமீறினால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? எங்கும் எழுதிவைக்காமல் நீங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

#2 | விசில்

உடற்கல்வி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நேரத்தைக் கணக்கு வைத்தால் சண்டைதான் வரும். மூன்று நிமிடம் என்பது ஆடுகிறவனுக்குக் கண்ணிமைப்பு, நிற்கிறவனுக்கு யுகம். ஆட்டத்தை எண்ணுங்கள். யாரும் காத்திருக்காவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். ஒருவர் வந்து நின்றுவிட்டால் அங்கிருந்து ஐம்பது ஆட்டம், பிறகு இறங்கவேண்டும். எண்ணும் வேலையை வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். உரக்க எண்ணும். எண்ணுவதே விளையாட்டாகிவிடும், ஆடுகிற பிள்ளைக்கும் முடிவு எப்போது என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாற்பதைத் தாண்டும்போது பாருங்கள், அது தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

இதைவிட முக்கியம், வரிசை எங்கே நிற்கிறது என்பது. ஊஞ்சலுக்கு நேர்முன்னே பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேடு இதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறது. ஊஞ்சல் தொங்கும் கம்பி, தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக இருக்கவேண்டும். கம்பி இரண்டரை மீட்டர் உயரம் என்றால் முன்னால் ஐந்து மீட்டர், பின்னால் ஐந்து மீட்டர். வரிசை நிற்கவேண்டிய இடம் பக்கவாட்டில், ஊஞ்சலின் கால்களுக்கும் வெளியே.

#3 | கரும்பலகை

விசில் ஐயா சொன்ன எண்ணிக்கை முறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பழக்கத்தை எதிர்க்கிறேன். பூங்காவுக்கு வந்தால் எல்லாவற்றையும் பகிர்ந்தே தீரவேண்டும் என்று நம் பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கி அடுத்தவர் பிள்ளையிடம் கொடுக்கிறோமே, அது.

ஊஞ்சலும் சறுக்குமரமும் எல்லாருக்கும் சொந்தம். அவற்றில் முறை உண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்வாளி அந்தக் குழந்தைக்குச் சொந்தம், அதில் முறை கிடையாது. கேட்கலாம். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் நகர்ந்துவிடவேண்டும். “அண்ணன்தானே, கொடுத்துவிடு” என்று பெரியவர்கள் கூடி நின்று ஒரு மூன்று வயதுப் பிள்ளையை நெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்கள் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப்பார்க்கிறேன் என்றால் சாவியைக் கொடுத்துவிடுவோமா?

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், சிறு பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படி விளையாடுகிறார்கள் என்று கவனித்து 1932இல் வகைப்படுத்தினார். தனியே ஆடுவது, தள்ளி நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டில் ஆடுவது, கலந்து ஆடுவது, சேர்ந்து திட்டமிட்டு ஆடுவது என்று அது போகும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டில் ஆடும் வகைதான். மணல்தொட்டியில் இரண்டு குழந்தைகள் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியே குழி தோண்டினால் அவர்கள் பிணங்கிக்கொண்டார்கள் என்று பொருள் இல்லை. இழுத்துவந்து கைகோத்து விடவேண்டியதும் இல்லை.

ஒரு சிறு ஏற்பாடு: பகிர மனமில்லாத பொம்மையைப் பூங்காவுக்கே கொண்டுவராதீர்கள். பாதிச் சண்டை வீட்டு வாசலிலேயே தீர்ந்துவிடும்.

#4 | இரட்டையர்தாய்

சறுக்குமரத்துக்கு வருகிறேன். கீழிருந்து மேலே ஏறும் பிள்ளைகள்! என் இருவரில் ஒருத்தி படியில் ஏறுவாள், மற்றவன் சறுக்கிலேயே ஏறுவான். அவனைத் தடுக்கவேண்டுமா கூடாதா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

நான் வைத்திருக்கும் விதி: மேலே யாராவது உட்கார்ந்திருந்தால் கீழிருந்து ஏறக்கூடாது. யாருமே இல்லாவிட்டால் ஏறிக்கொள்ளட்டும். ஏறுவதில் கைக்கும் காலுக்கும் நல்ல வேலை இருக்கிறது. ஆனால் சறுக்கி வருகிறவனுக்கு நிறுத்தும் கருவி எதுவும் கிடையாது, அதனால் வழி எப்போதும் அவனுக்குத்தான். கீழே வந்து சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கவும் கூடாது, உடனே எழுந்து விலகவேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று. குழந்தை பயப்படுகிறது என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். அன்பாகத்தான் செய்கிறோம், கால் முறிவதும் அப்படித்தான். குழந்தை தனியாகச் சறுக்கும்போது அதன் செருப்பு ஓரத்தில் மாட்டினால் அது நின்றுவிடும் அல்லது திரும்பிக்கொள்ளும். மடியில் இருக்கும்போது கால் மாட்டினால் பெரியவரின் எடையும் சேர்ந்து கீழே இழுக்கிறது, கால் மட்டும் மேலேயே நின்று முறுக்கிக்கொள்கிறது. கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு அதில்தான் விரிசல் விடும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் இதைக் குறிப்பாக எச்சரித்திருக்கிறது. தனியே சறுக்கத் துணியாத குழந்தைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#5 | சாய்வுநாற்காலி

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தினமும் மாலையில் போகிறவன் நான். இங்கே எழுதுகிறவர்கள் எல்லாம் விதி, அளவு, கையேடு என்கிறீர்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் எதற்கு? எந்தப் பிள்ளை தப்பு செய்தாலும் பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஓர் அதட்டல் போடுவார், அடங்கிவிடும். இப்போது அடுத்தவர் பிள்ளையைப் பார்த்து “மணலை வீசாதே கண்ணு” என்றால்கூட அதன் அம்மா சிலிர்த்துக்கொண்டு வருகிறார். பிள்ளையையும் அதட்டமாட்டார்கள், நம்மையும் அதட்டவிடமாட்டார்கள். செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினால்தானே தன் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரியும்?

நேற்று ஒரு பையன் சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு யாரையும் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். தாயார் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளர்ப்பு!

#6 | கரும்பலகை

பெரியவர் கோபம் புரிகிறது. அடுத்தவர் பிள்ளையிடம் பேசவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வரிசை உண்டு.

இப்போதே யாருக்காவது அடிபடப்போகிறது என்றால் யார் பிள்ளை என்று பார்க்கமாட்டேன். குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிடுவேன், மன்னிப்பு விளக்கமெல்லாம் பிறகு. அடிபடும் ஆபத்து இல்லை, முறை தவறுதல்தான் என்றால் அந்தப் பிள்ளையிடமே சாதாரணக் குரலில் நடப்பதைச் சொல்வேன்: “இந்த அக்கா உனக்கு முன்னால் நிற்கிறாள், அவளுக்கு அடுத்தது நீ.” திட்டும் கிடையாது, தொடுவதும் கிடையாது. பிள்ளைகள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். அதற்கும் கேட்காமல் மறுபடி மறுபடி நடந்தால் மட்டுமே பெற்றோரிடம் போவேன். அங்கேயும் “உங்கள் பிள்ளை அடிக்கிறான்” என்று தொடங்கமாட்டேன். “இரண்டு பேருக்கும் சிறு தகராறு, ஒரு நிமிடம் வருகிறீர்களா?” என்றால் பத்தில் ஒன்பது பேர் எழுந்து வருவார்கள். எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டால் எந்தத் தாயும் தன் பிள்ளைக்காகத்தான் வாதாடுவாள்.

அதட்டல் ஒன்றைத்தான் நான் ஒதுக்குகிறேன். தெரியாத பெரியவரின் உரத்த குரலுக்குப் பிள்ளை அடங்குவது பயத்தில்தான், முறையைக் கற்றுக்கொண்டதால் இல்லை.

#7 | மழைத்துளி

இந்த இழையை வாசித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். #5ஐப் பார்த்தபின் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன தாய் நானில்லை. ஆனால் இருந்திருக்கலாம்.

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. வயது ஏழு. பார்த்தால் தெரியாது. ஆளும் உயரம். சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். சில நாள் கீழே ஏழெட்டுப் பிள்ளைகள் “போ, போ” என்று ஒரே நேரத்தில் கூச்சல் போடுவார்கள். அந்தச் சத்தத்தில் அவனால் நகரவே முடியாது. நான் அப்போது ஒரு வார்த்தையும் சொல்லாமல் நிற்பதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். சொன்னால் இன்னும் ஒரு குரல் கூடும், அவ்வளவுதான். நான் செய்துகொண்டிருப்பது கையை அவன் கண்ணில் படும்படி படியின் பக்கம் வைத்துக் காத்திருப்பது. கூச்சல் ஓய்ந்தால் அவன் இறங்கிவிடுவான். பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்களுக்கு இரக்கம் தேவையில்லை, “என்ன குறை?” என்ற கேள்வி அறவே தேவையில்லை. மற்றப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கீழே நிற்கும் தங்கள் பிள்ளையிடம் “கத்தாதே, அவன் இறங்கட்டும், நாம் காத்திருக்கலாம்” என்று சொல்வது. ஒரு பெண்மணி அப்படிச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது, அவர் இருக்கும் மாலைகளில் எனக்குத் தைரியமாக இருக்கும்.

வரிசை என்பது அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று என்று நினைக்கவேண்டாம். விசில் ஐயா சொன்ன எண்ணிக்கை முறையை நாங்கள் வெகுநாளாகப் பயன்படுத்துகிறோம். முடிவு எப்போது என்று தெரிந்துவிட்டால் அவன் மற்றவர்களைவிட ஒழுங்காக இறங்குவான், ஐம்பத்தொன்றாவது ஆட்டம் ஆடவே மாட்டான்.

#8 | நீலக்குடை

மழைத்துளி, எழுதியதற்கு நன்றி. ஒரு கேள்வி. நாங்கள் வந்து பேச்சுக் கொடுப்பது உங்களுக்குத் தொந்தரவா, அல்லது பேசாமல் ஒதுங்கிப் போவது தொந்தரவா?

#9 | மழைத்துளி

பேசுங்கள். வெயிலைப் பற்றிப் பேசுங்கள், பள்ளியைப் பற்றிப் பேசுங்கள். என் மகனிடமும் நேராகவே பேசுங்கள். பதில் வராவிட்டால் அவன் கேட்கவில்லை என்று நினைக்கவேண்டாம். ஒதுங்கிப் போகிறவர்களின் பிள்ளைகளும் அப்படியே ஒதுங்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

#10 | சாய்வுநாற்காலி

அந்தப் பையனுக்கும் அப்படி ஏதாவது இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும் அம்மா? எழுதி ஒட்டியா இருக்கிறது? சரி. இன்று மாலை என் பேரன் கத்தினால் அவனிடம் நீங்கள் சொன்னதைச் சொல்கிறேன். ஆனால் செல்பேசி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் காணொளி பார்ப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

#11 | விசில்

செல்பேசியில் நானும் பெரியவர் பக்கம்தான், ஓரளவுக்கு. நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் தாய் ஐந்து நிமிடம் செய்தி பார்த்தால் குற்றமில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. பிள்ளை மணலில் இருக்கும்போது பார்க்கலாம். ஏணியில், ஊஞ்சலில், தொங்குகம்பியில் இருக்கும்போது கூடாது. கூடவே ஓடி ஓடிக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வேண்டியதில்லை. விளையாட்டுச் சாதனங்களே இரண்டு முதல் ஐந்து வயது, ஐந்து முதல் பன்னிரண்டு என்று வயது பிரித்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. தன் வயதுக்கானதில் ஏறும் பிள்ளைக்குக் கண் போதும், கை வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கான கம்பியில் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி ஏற்றிவிட்டுப் படமெடுப்பவர்கள், வழியையும் மறித்து ஆபத்தையும் தேடிக்கொள்கிறார்கள்.

உடையையும் கவனியுங்கள். கழுத்தில் கயிறு தொங்கும் சட்டை, கழுத்தைச் சுற்றிய துணி, மிதிவண்டித் தலைக்கவசம் எல்லாம் ஏறும் முன் கழற்றப்படவேண்டும். சைக்கிளில் உயிர் காக்கும் தலைக்கவசம், ஏணியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உடல் நுழைந்து தலை மட்டும் மாட்டிக்கொள்ளும்போது தூக்குக் கயிறாகிவிடும். ஏழு வயதுவரையிலான பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி ஒன்று உண்டு. வேறொரு பிள்ளை அப்படி ஏறுவதைப் பார்த்தால் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

#12 | வாலாட்டி

நாய் வைத்திருப்பவர்கள் சார்பில் நானே வந்துவிடுகிறேன், எப்படியும் அடுத்து எங்களைத்தான் பிடிப்பீர்கள்.

விளையாட்டுச் சாதனங்கள் இருக்கும் வேலிக்குள் நாயைக் கொண்டுவரவே கூடாது. “என் நாய் கடிக்காது” என்பது உங்களுக்குத் தெரியும், பயத்தில் உறைந்துபோன குழந்தைக்குத் தெரியாது. வெளியே நடைபாதையிலும் கயிறு குட்டையாக இருக்கட்டும்.

கழிவை உடனே அள்ளவேண்டும். இதில் உடனே என்பதற்குக் காரணம் உண்டு. நாய், பூனைக் கழிவில் டாக்சோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். வெளியே வந்த அன்றே அவை தொற்றாது, மண்ணில் கிடந்து சில வாரங்கள் முதிர்ந்தபிறகே தொற்றும் நிலைக்கு வருகின்றன. அன்றே அள்ளினால் தீர்ந்தது. விட்டுவிட்டால் கழிவு காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், முட்டைகள் மட்டும் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். மணல்தொட்டிக்கு மூடி போட்டிருந்தால் போகும்போது மூடிவிட்டுப் போங்கள். இரவில் பூனைகளுக்கு அது கழிப்பறை. மணலில் ஆடிய கையோடு தின்பண்டம் கொடுக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவியபின் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். முன்பின் தெரியாத நாயைத் தொடும் முன் அதன் உரிமையாளரைக் கேட்கவேண்டும். பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடிக்கக் கூடாது. நாங்கள் “வேண்டாம்” என்றால் அது திமிர் இல்லை.

#13 | இரட்டையர்தாய்

தின்பண்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. அடுத்தவர் குழந்தைக்குக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. சாதாரண அரிப்பு வகை இல்லை, மூச்சுக்குழல் வீங்கும் வகை. அட்ரினலின் ஊசி எப்போதும் என் பையில் இருக்கும். ஒரு பாட்டி பாசத்தோடு நீட்டுவதைத் தட்டிவிட்டால் நான்தான் பொல்லாதவள் ஆகிறேன். பெற்றோரிடம், குழந்தைக்குக் கேட்காத தூரத்தில் கேளுங்கள். குழந்தை முன்னால் நீட்டிவிட்டு “கொடுக்கலாமா?” என்று கேட்டால் அது கேள்வி இல்லை, கட்டளை.

சாப்பிடுவதை உட்கார்ந்து முடித்துவிட்டு விளையாட அனுப்புங்கள். வாயில் உணவோடு ஊஞ்சலில் ஏறினால் தொண்டையில் அடைக்கும்.

பிறந்தநாள் கூட்டங்கள்! மேசையெல்லாம் பிடித்துக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெடித்த பலூன் துண்டுகளைத் தரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த ரப்பர்த் துண்டு குழந்தையின் மூச்சுக்குழல் வாயில் படிந்து ஒட்டிக்கொள்ளும், இருமினாலும் வெளியே வராது. அமெரிக்காவில் பலூன் பொட்டலத்தின் மேல், எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மூச்சடைப்பு ஆபத்து என்று அச்சிடுவது கட்டாயம்.

#14 | பேனாமுனை

எனக்கு வயது 15. தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவேன், சில நாள் நண்பர்களோடும் வருவேன். நாங்கள் உள்ளே நுழைந்தவுடனே பெரியவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்தால் “இவ்வளவு பெரிய ஆளா?” என்கிறார்கள். சிறு பிள்ளைகள் வந்தால் நாங்கள் இறங்கிவிடுவோம், அது எங்களுக்கே தெரியும். யாருமே இல்லாத நேரத்திலும் ஏன் விரட்டுகிறீர்கள்? நாங்கள் வேறு எங்கே போவது?

#15 | கரும்பலகை

நியாயமான கேள்வி. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 31ஆவது உறுப்பு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. அந்த உடன்படிக்கையின் கணக்கில் பொதுவாகப் பதினெட்டு வயதுவரை குழந்தைதான். பதினைந்து வயதுப் பிள்ளை பூங்காவில் இருப்பது நல்ல செய்தி. தம்பிகளின் வாளி இருக்கை ஊஞ்சலில் மட்டும் ஏறி உட்காரவேண்டாம், இடுப்பு சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

#16 | பேனாமுனை

அது ஒருமுறை என் நண்பனுக்கு நடந்தது. விவரம் வேண்டாம்.

#17 | குறிஞ்சி

வாசித்துக்கொண்டே வந்தேன், படமெடுப்பதைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. நம் பிள்ளையை எடுக்கும் படத்தில் பின்னணியில் இன்னும் நான்கு பிள்ளைகள் விழுவார்கள், அதைத் தவிர்க்க முடியாது. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் மற்றவர்களை வெட்டிவிடுங்கள் அல்லது முகத்தை மறையுங்கள். சில குடும்பங்களில் குழந்தை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாத வழக்கு, மிரட்டல் எல்லாம் இருக்கும். பூங்காவின் பெயரோடு அன்றைய தேதியில் ஒரு படம் போதும் அவர்களைக் கண்டுபிடிக்க. அழகான குழந்தை என்று தனியே ஒரு பிள்ளையைப் படமெடுப்பது, கேட்காமல், அறவே கூடாது.

#18 | மண்வெட்டி

பூங்காப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். பெற்றோர் பார்வையில் நிறைய எழுதிவிட்டீர்கள். காலை ஆறு மணிக்கு வந்து பார்க்கிறவன் பார்வையில் கொஞ்சம்.

அணையாடையை மடித்து ஒட்டாமல் திறந்தபடி தொட்டியில் போடுகிறார்கள். காக்கை வெளியே இழுத்துப்போட்டுப் பஞ்சைக் கிழித்துப் புல்வெளி முழுதும் பரப்பிவைக்கும். பனி விழுந்த பஞ்சு தரையோடு ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்தில் வராது, விரலால்தான் பொறுக்கவேண்டும். தொட்டி நிரம்பியிருந்தால் குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், தொட்டிக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தாலும் காக்கைக்கு அது விருந்துதான்.

சிகரெட் துண்டு. மணலுக்குள் புதைத்து அணைத்துவிட்டுப் போவது சுத்தம் என்று நினைக்கிறார்கள். அந்த வடிகட்டி பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை, எளிதில் மக்காது. அதில் தங்கியிருக்கும் நிக்கோட்டின், தவழும் குழந்தை வாயில் போட்டால் நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் புகைக்கவே வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்பீர்களா தெரியாது, புதைக்காமலாவது இருங்கள்.

ஊஞ்சலை வீசி எறிந்து மேல்கம்பியில் சுற்றிவிடுவது பெரிய பையன்களின் பொழுதுபோக்கு. பேனாமுனை தம்பி, உன்னைச் சொல்லவில்லை. அப்படிச் சுற்றிய ஊஞ்சலைப் பிரிக்க ஏணி வேண்டும், ஏணி வரும்வரை அன்றைக்கு அந்த ஊஞ்சல் யாருக்கும் இல்லை. சங்கிலியின் கொக்கியும் ஒருபக்கமாகத் தேயும்.

யாருக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் மணல் குழியாகிப் பக்கத்தில் மேடாகிக் கிடக்கும். காலால் உதைத்து உதைத்து ஆனது. நாங்கள் காலையில் சமன் செய்வோம், மாலைக்குள் மறுபடி குழி. விழுந்தால் அடிபடாமல் இருக்கப் போட்ட மணல், விழும் இடத்தில்தான் இல்லாமல் போகிறது. விசில் ஐயா சொன்ன அதே கையேடு, மணல், மரச்சில்லு போன்றவை 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. புல்தரையையும் வெறும் மண்ணையும் அது பாதுகாப்பான தரை என்று ஒத்துக்கொள்வதே இல்லை. உங்கள் பிள்ளையை ஏற்றும் முன் பக்கத்து மேட்டிலிருந்து காலால் நாலு தள்ளு தள்ளிவிடுங்கள். அரை நிமிட வேலை. தள்ளும்போது கண்ணாடித் துண்டு இருந்தாலும் கண்ணில் படும்.

#19 | நீலக்குடை

மண்வெட்டி ஐயா, சாதனம் உடைந்திருந்தால் யாரிடம் சொல்வது? நாங்கள் பாட்டுக்கு “இதில் ஏறாதே” என்று நம் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

#20 | மண்வெட்டி

பூங்காவில் பலகை இருந்தால் அதிலேயே தொலைபேசி எண் இருக்கும். பணியாளர் யாராவது தென்பட்டால் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டிவிடுங்கள். வெறுமனே “ஊஞ்சல் உடைந்திருக்கிறது” என்றால் நாங்கள் நாலு ஊஞ்சலையும் பார்க்கவேண்டும். “இடமிருந்து இரண்டாவது, வலப்பக்கச் சங்கிலியின் மேல்கொக்கி வாய் திறந்திருக்கிறது” என்று படத்தோடு சொன்னால் அன்றே முடிந்துவிடும். நாங்கள் கட்டிவைத்த நாடாவை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றும் பெற்றோரும் உண்டு, அவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

#21 | வாலாட்டி

வெயில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகச் சறுக்குமரம் சுடும் என்று எல்லாருக்கும் தெரியும். கறுத்த பிளாஸ்டிக்கும் ரப்பர்த் தரையும் அதே அளவு சுடும், குழந்தையின் மெல்லிய தோலில் சில நொடிகளில் கொப்புளம் வந்துவிடும். புறங்கையை வைத்துப் பார்த்தபின் ஏற்றுங்கள். சுட்டால் அடுத்து வருகிறவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

#22 | குறிஞ்சி

உடம்பு சரியில்லாத பிள்ளையை “வீட்டில் அடைத்தால் அழுகிறது” என்று அழைத்துவருகிறவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும், அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. தெரிந்தபிறகு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில் வைத்திருக்கலாமே. வரிசையில் நிற்கும் தாய்மார்களில் கர்ப்பிணிகளும் இருப்பார்கள்.

#23 | நீலக்குடை

எண்ணிக்கை முறையை இன்று மாலை செய்துபார்த்தோம். அந்தத் தகப்பனார் வரவில்லை, வேறு குடும்பங்கள்தான். என் மகன் இருபத்தொன்பதுக்குப் பிறகு நாற்பது என்றான். ஊஞ்சலில் இருந்த சிறுமி ஆட்டத்தை நிறுத்தி, முப்பதிலிருந்து மறுபடி எண்ணவைத்தாள்.

#24 | விசில்

அவள் கேட்டது சரி. அடுத்த முறை இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து எண்ணவிடுங்கள், ஒன்று விட்டால் மற்றது பிடிக்கும்.